ஒன்பதாவது பொம்மை எங்கே?

சூப்பர் மரியோ பிரதர்ஸ் ஆட்டத்தை நீங்கள் ஆடியிருக்கலாம். இல்லாவிட்டால் யாராவது ஆடும்போது எட்டிப் பார்த்திருப்பீர்கள். மரியோ வலப்பக்கம் ஓட ஓட, பச்சைக் குழாயும் மலையும் மேகமும் இடப்பக்கம் நகர்ந்து மறைந்துவிடும். ஆனால் திரையின் உச்சியில் மதிப்பெண், காசு, நேரம் எல்லாம் எழுதியிருக்கும் வரிசை மட்டும் அசையவே அசையாது. இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அந்த ஆட்டம் 1985-ல் வந்தபோது அது ஓடிய கருவிக்கு, பின்னணிப் படத்தின் ஒரு பகுதியை நிறுத்திவைத்துவிட்டு மீதியை மட்டும் நகர்த்தத் தெரியாது. நகர்த்தினால் முழுப் படமும் நகரும், மதிப்பெண் வரிசையும் சேர்ந்தே ஓடிவிடும்.

பிறகு அந்த வரிசை எப்படி நின்றது? இதற்கு விடை தேடிக்கொண்டே போனால் இன்னொரு பெரிய கேள்விக்கும் விடை கிடைக்கும்: நாற்பது வருடத்துக்கு முந்தைய ஆட்டத்தை இன்றைய கைப்பேசியிலோ கணினியிலோ ஆடினால், அது அதே ஆட்டம்தானா?

முதலில் அந்தக் கருவியைப் பார்ப்போம். ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் இருக்கும் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் ஃபேமிலி கம்ப்யூட்டர்; ஜப்பானியர்கள் சுருக்கமாக ஃபேமிகாம் என்பார்கள். மசாயுகி உயெமுரா என்ற பொறியாளர் தலைமையில் உருவானது. பிற நாடுகளுக்கு அதுவே வேறு உருவத்தில் என்.இ.எஸ். என்ற பெயரில் போனது. 1990-களில் நம் ஊரில் டிவியோடு இணைத்து ஆடிய 'வீடியோ கேம்' பெட்டிகள் பலவும் இந்த ஃபேமிகாமின் நகல்கள்தான். மஞ்சள், சிவப்பு நிறக் கேசட்டுகளைச் செருகி ஆடியதை உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ அத்தையோ சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அதன் மூளை, 6502 என்ற சிப்பின் வகையைச் சேர்ந்தது. அது நொடிக்குச் சுமார் 17 லட்சத்து 90 ஆயிரம் முறை துடிக்கும். நினைவகம் 2,048 பைட் மட்டும். யூனிகோடின் யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குக் குறைந்தது 3 பைட் வேண்டும். அப்படியானால் இந்தக் கட்டுரையின் முதல் இரண்டு பத்திகளைக்கூட அதில் முழுதாக வைக்க முடியாது! மரியோவின் ஆட்டம் முழுவதும், அதாவது 32 கட்டங்கள், படங்கள், இசை எல்லாம் சேர்ந்து, கேசட்டுக்குள் 40 கிலோபைட்டில் அடங்கியது. இடத்தை மிச்சம் பிடிக்க என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த ஆட்டத்தில் வரும் மேகத்தையும் புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர்.

இப்போது எமுலேட்டருக்கு வருவோம். ஒரு கருவியைப் போலவே நடந்துகொள்ளும்படி இன்னொரு கருவிக்குள் எழுதிய மென்பொருளைத்தான் எமுலேட்டர் என்கிறோம். கேசட்டில் இருப்பது 6502-க்குப் புரியும் எண்கள். உங்கள் கைப்பேசியின் சிப்புக்கு அந்த எண்கள் புரியாது. வடநாட்டுத் தலைவர் ஒருவர் மேடையில் இந்தியில் பேசும்போது, பக்கத்தில் ஒருவர் நின்று வரிக்கு வரி தமிழில் சொல்வாரே, அந்த வேலையைத்தான் எமுலேட்டர் செய்கிறது. ஓர் எண்ணைப் படிக்கும், அதற்கு 6502 என்ன செய்திருக்குமோ அதைக் கைப்பேசியின் சிப்பைக் கொண்டு செய்யும், அடுத்த எண்ணுக்குப் போகும்.

நீங்களே எமுலேட்டர் ஆகிப் பாருங்கள். ஒரு தாளும் பென்சிலும் போதும். 6502-க்குள் 'ஏ' என்று ஒரு சின்ன அறை இருக்கிறது. 169 என்ற எண் வந்தால், அதற்கு அடுத்து வரும் எண்ணை ஏ அறையில் வை என்று பொருள். 24 வந்தால், கூட்டலில் மனதில் வைத்த 1 ஏதாவது மிச்சம் இருந்தால் அதை அழித்துவிடு. 105 வந்தால், அடுத்த எண்ணை ஏ அறையில் இருப்பதோடு கூட்டு. 133 வந்தால், ஏ அறையில் இருப்பதை எடுத்து, அடுத்த எண் காட்டும் நினைவக அறையில் எழுது. இதோ உங்களுக்கான நிரல்:

169, 3, 24, 105, 4, 133, 16

முதலில் ஏ அறையில் 3. பிறகு மனதில் இருந்த 1 அழிகிறது. அடுத்து 3-உடன் 4 சேர்ந்து 7. கடைசியில் அந்த 7 நினைவகத்தின் 16-ஆம் அறைக்குப் போகிறது. முடிந்தது! மரியோ குதிப்பதும் ஆமை நடப்பதும் இப்படிப்பட்ட சின்னச் சின்னக் கட்டளைகளால்தான்.

ஒரு கருவி இன்னொரு கருவியாக நடிக்க முடியும் என்பது வீடியோ கேமைவிட மிகப் பழைய எண்ணம். ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1936-லேயே, சரியான விதிகளை எழுதிக் கொடுத்தால் வேறு எந்தக் கணக்குப் பொறியின் வேலையையும் செய்யக்கூடிய ஒரே பொறி இருக்க முடியும் என்று காட்டிவிட்டார். அப்போது மின்னணுக் கணினியே பிறக்கவில்லை. 1964-ல் ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 என்ற புதிய கணினி வரிசையை அறிவித்தபோது, தன் பழைய 1401 கணினிக்கு எழுதிய நிரல்களையும் அதில் ஓட்ட வழி செய்தது. புதுக் கணினி வாங்கியவர்கள் பழைய நிரல்களைத் தூக்கி எறிய வேண்டியிருக்கவில்லை.

ஆனால் எண்களுக்குப் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. நாம் தாளில் செய்த அந்த நான்கு கட்டளைகளையும் முடிக்க 6502-க்குச் சரியாக 9 துடிப்புகள் ஆகும். ஒரு நொடியை 2 லட்சம் பங்காக்கினால் ஏறக்குறைய அதில் ஒரு பங்கு நேரம். இவ்வளவு சின்ன நேரத்தைப் பற்றி யாருக்குக் கவலை? மரியோவின் மதிப்பெண் வரிசைக்குக் கவலை!

பழைய பெட்டி டிவியின் கண்ணாடிக் குழாய்க்குள் ஓர் எலெக்ட்ரான் கற்றை ஓடிக்கொண்டே இருக்கும். இடமிருந்து வலமாக ஒரு கோடு, அதற்குக் கீழே அடுத்த கோடு என்று மேலிருந்து கீழ் வரை போய்விட்டு, மறுபடி உச்சிக்குத் தாவும். ஜப்பானிய டிவியில் இது நொடிக்கு 60 முறை நடந்தது. ஃபேமிகாமிடம் முழுப் படத்தையும் வரைந்து சேமித்துவைக்க நினைவகம் கிடையாது. அதனால் கற்றை எந்தப் புள்ளியில் இருக்கிறதோ அந்தப் புள்ளியின் நிறத்தை அந்தக் கணத்திலேயே முடிவு செய்து அனுப்பும். இதைத்தான் மரியோவை எழுதியவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். மேலே காசுப் படம் இருக்கிறதல்லவா? அதன் அடிப்பகுதிக்குப் பின்னால், கண்ணுக்குப் படாதபடி ஒரு சின்னப் படத்துண்டை ஒளித்துவைத்தார்கள். கற்றை அந்த இடத்தை வரையும்போது, கருவியில் படம் வரைவதற்கென்றே இருக்கும் படச் சிப் ஓர் அடையாளத்தை உயர்த்தும். அதுவரை நிரல் வேறு வேலைக்குப் போகாமல், வந்தாயிற்றா, வந்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டே காத்திருக்கும். அடையாளம் உயர்ந்ததும், மதிப்பெண் வரிசை வரைந்து முடிந்துவிட்டது என்று அதற்குத் தெரியும். உடனே, இனி வரும் கோடுகளை இவ்வளவு தூரம் தள்ளி வரை என்று கட்டளை கொடுக்கும். மேலே நிற்கிறது, கீழே ஓடுகிறது. ஒரு நொடியில் 60 முறை, ஒவ்வொரு முறையும் தவறாமல் இது நடக்க வேண்டும்.

இப்போது ஓர் எமுலேட்டர் அந்த அடையாளத்தை உயர்த்த மறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரல் கேட்டுக்கொண்டே இருக்கும், பதில் வராது, ஆட்டம் உறைந்து நின்றுவிடும். கொஞ்சம் முந்தியோ பிந்தியோ உயர்த்தினால் மதிப்பெண் வரிசையின் அருகே படம் வெட்டுப்பட்டு நடுங்கும். ஆகவே எமுலேட்டர் 6502-ஆக மட்டும் நடித்தால் போதாது. படச் சிப்பாக, ஒலிச் சிப்பாக, ஓடிக்கொண்டிருக்கும் எலெக்ட்ரான் கற்றையாகவும் நடிக்க வேண்டும். அதுவும் எல்லாம் ஒரே தாளத்தில்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த விஷயம். ஃபேமிகாம் திரையில் நகரும் உருவங்கள், 8 புள்ளி அகலமுள்ள பொம்மைத் துண்டுகளால் ஆனவை. ஸ்பிரைட் என்பார்கள். திரையில் மொத்தம் 64 இருக்கலாம். ஆனால் ஒரே கோட்டில் 8 துண்டுகளுக்கு மேல் படச் சிப்பால் வரைய முடியாது. மரியோவின் அகலத்துக்கு 2 துண்டுகள் வேண்டும். அந்த அகலத்தில் நான்கு பேர் ஒரே உயரத்தில் நின்றால் 8 ஆகிவிட்டது. ஐந்தாவது ஆள் வந்தால்? ஒன்பதாவது துண்டு மறைந்துவிடும். அதனால் ஆட்டம் எழுதியவர்கள் ஒவ்வொரு படத்துக்கும் வரிசையை மாற்றிவிட்டார்கள். இந்தப் படத்தில் ஒருவர் மறைவார், அடுத்த படத்தில் வேறொருவர். நம் கண்ணுக்கு எல்லோரும் இருப்பதுபோலத்தான் தெரியும், ஆனால் மினுக்கு மினுக்கென்று துடிப்பார்கள்.

பல எமுலேட்டர்களில் இந்த 8 என்ற வரம்பைத் தூக்கிவிடும் வசதி உண்டு. மினுக்கல் போய்விடும், படம் சுத்தமாக இருக்கும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கொனாமி நிறுவனம் 1987-ல் வெளியிட்ட கேசில்வேனியா வரிசையின் இரண்டாவது ஆட்டத்தைப் பாருங்கள். அதில் நாயகன் சைமன் சதுப்பு நிலத்தில் இறங்குவான். இடுப்புக்குக் கீழே சேற்றுக்குள் மறைந்துவிடும். எப்படி மறைத்தார்கள்? அந்தக் கோடுகளில் எதுவும் தெரியாத வெற்றுத் துண்டுகளை 8 வைத்து நிரப்பிவிட்டார்கள். சைமனின் கால் ஒன்பதாவது, பத்தாவதாக வரும். சிப்பால் வரைய முடியாது. கால் சேற்றில் புதைந்துவிட்டது! எமுலேட்டரில் வரம்பைத் தூக்கிப் பாருங்கள்; சைமன் சேற்றின் மேல் நின்றுகொண்டிருப்பான். கருவியின் குறையையே கலையாக்கியிருக்கிறார்கள். அந்தக் குறையை நீக்கினால் ஆட்டம் கெட்டுப்போகிறது.

டிவிக்கும் இதில் பங்கு உண்டு. 1991-ல் செகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கருவியில் வந்த சோனிக் ஆட்டத்தில் ஓர் அருவி வரும். இன்றைய தட்டையான திரையில் அது செங்குத்துக் கோடு கோடாகத் தெரியும். பழைய டிவியில் சாதாரண வீடியோ ஒயர் வழியாகப் போகும்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அப்போது அதே கோடுகள், பின்னால் இருப்பது தெரியும்படி கண்ணாடி போன்ற நீராகிவிடும். ஓவியர்கள் அந்தக் கலங்கலை மனதில் வைத்துத்தான் வரைந்தார்கள். நல்ல எமுலேட்டர்கள் இன்று அந்தக் கலங்கலையும் கணக்குப் போட்டு உண்டாக்குகின்றன.

வாத்து சுடும் ஆட்டமான டக் ஹன்ட் இன்னும் சுவையானது. 1984-ல் ஜப்பானில் வந்தது. கையில் ஒரு துப்பாக்கி. அதிலிருந்து எதுவும் வெளியே போகாது. ஒளி உள்ளே வரும். குழலுக்குள் ஓர் ஒளி உணரி இருக்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்து வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் பார்த்திருந்தால் குறி தப்பவில்லை என்று பொருள். முதலில் ஏன் கறுப்பு? யாராவது துப்பாக்கியை விளக்கைப் பார்த்துப் பிடித்து ஏமாற்றக்கூடாது என்பதற்காக! விளக்கு அணையாதே, இருட்டு தெரியாதே. இந்தத் துப்பாக்கி இன்றைய எல்சிடி டிவியில் வேலை செய்யாது. எல்சிடி, படத்தைக் கொஞ்சம் தாமதமாகக் காட்டுகிறது. அதோடு, கற்றை வரையும்போது நொடிக்குச் சுமார் 15,700 கோடு என்ற வேகத்தில் எழும் ஒளித் துடிப்புக்கு ஏற்றபடிதான் துப்பாக்கியின் சுற்று அமைந்திருக்கிறது. அந்தத் துடிப்பு எல்சிடியில் இல்லவே இல்லை. கணினியில் எமுலேட்டர் வைத்து ஆடுபவர்கள் பெரும்பாலும் மவுசால் சுடுகிறார்கள். வாத்து அதேதான், கை செய்யும் வேலை வேறு.

நம் ஊர்க் கதை ஒன்றும் இருக்கிறது. அந்நாளைய இந்திய டிவி ஜப்பானைப் போல நொடிக்கு 60 படம் காட்டாது, 50 தான். ஆட்டத்தின் தாளமோ படங்களின் எண்ணிக்கையில்தான் ஓடும். 60-க்கு எழுதிய ஆட்டத்தை 50 படம் வரையும் நகல் பெட்டியில் போட்டால் ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் கிடைக்கும். இசையும் மெதுவாகும். அப்படிப்பட்ட பெட்டியில் ஆடி வளர்ந்த ஒருவர் இன்று எமுலேட்டரில் மரியோவைப் பார்த்தால், அவன் அவசரமாக ஓடுவதுபோலத் தோன்றும். எமுலேட்டரில் தவறு இல்லை.

சரி, உண்மையான கருவி இந்தக் கணத்தில் என்ன செய்யும் என்று எமுலேட்டர் எழுதுபவருக்கு எப்படித் தெரியும்? நின்டெண்டோ தன் சிப்புகளின் முழு வரைபடத்தை ஊருக்குக் கொடுக்கவில்லை. 1997-ல் பரவிய நெஸ்டிகிள் போன்ற தொடக்ககால எமுலேட்டர்கள் அன்றைய மெதுவான கணினியில் ஓடுவதற்காகப் பல குறுக்கு வழிகளை எடுத்தன. பல ஆட்டங்கள் ஓடின. சில கோணல்மாணலாக ஓடின. பிறகு ஆர்வலர்கள் அறிவியல் முறையில் இறங்கினார்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அளக்கும் சின்னச் சின்னச் சோதனை நிரல்களை எழுதினார்கள். படச் சிப் அந்த அடையாளத்தை எத்தனையாவது துடிப்பில் உயர்த்துகிறது? ஒன்பதாவது துண்டு வந்தால் சிப் என்ன செய்கிறது? நிரலை முதலில் உண்மையான பழைய கருவியில் ஓட்டி விடையைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு அதையே எமுலேட்டரில் ஓட்டுவார்கள். விடை வேறாக வந்தால் தவறு எமுலேட்டருடையது. இன்னும் ஒரு படி மேலே போய், விஷுவல் 6502 என்ற குழுவினர் 6502 சிப்பின் மூடியை நீக்கி நுண்ணோக்கியில் படம் எடுத்து, அதிலிருக்கும் சுமார் 3,500 டிரான்சிஸ்டர்களையும் ஒவ்வொன்றாகக் கணினிக்குள் மறுபடி கட்டினார்கள். அதை உலாவியில் திறந்து, மின்சாரம் எந்தக் கம்பியில் ஓடுகிறது என்று நீங்களே பார்க்கலாம்.

இவ்வளவு துல்லியத்துக்கு விலை உண்டு. ஃபேமிகாமுக்கு அடுத்து வந்த சூப்பர் ஃபேமிகாமின் மூளை அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ் வேகம் கொண்டது. அதை அச்சு அசலாக நடித்துக் காட்ட 3 கிகாஹெர்ட்ஸ் கணினி வேண்டும் என்று பிஸ்நெஸ் எமுலேட்டரை எழுதியவர் 2011-ல் விளக்கினார். எண்ணூறு மடங்குக்கும் மேல்! நடிப்பவர் இவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எது சிறந்தது, பழைய கருவியா எமுலேட்டரா? ஆடுவதற்கு என்றால் நல்ல எமுலேட்டர் போதும் என்பேன். அது உங்கள் நண்பர் வீட்டுக் கணினியிலும் ஓடும்; ஆட்டத்தை நினைத்த இடத்தில் நிறுத்திச் சேமிக்கலாம்; நினைவகத்துக்குள் எட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் எமுலேட்டர் சொல்வது சரியா என்று கேட்க உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அது அந்தப் பழைய கருவி. அந்தச் சாட்சிக்கோ வயதாகிக்கொண்டே இருக்கிறது. மின்தேக்கிகள் கசிகின்றன. 1987-ல் அமெரிக்காவுக்கு வந்த லெஜண்ட் ஆஃப் செல்டா கேசட்டுக்குள் ஆட்டத்தைச் சேமிக்க ஒரு காசு வடிவ பேட்டரி இருந்தது. அது தீர்ந்தால் சேமித்ததும் போயிற்று. பெட்டி டிவிகள் தயாரிப்பதை நிறுவனங்கள் விட்டுவிட்டன. அமெரிக்காவில் வெளியான பழைய வீடியோ ஆட்டங்களில் 87 விழுக்காடு இப்போது கடைகளில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. அந்தக் கருவிகள் உயிரோடு இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் கேட்டுவிட வேண்டும் என்று அந்த ஆர்வலர்கள் அவசரப்படுவது இதனால்தான்.

ஒன்றை மறக்காதீர்கள். எமுலேட்டர் என்பது வேறு, அதில் ஓடும் ஆட்டம் வேறு. ஆட்டம் அதை உருவாக்கியவர்களுக்குச் சொந்தம். அனுமதி இல்லாத நகல்களை இறக்கிக்கொள்ளாதீர்கள். அப்படிப்பட்ட தளங்களில் வைரஸும் ஒளிந்திருக்கும். பழைய ஆட்டங்களை நிறுவனங்களே தொகுத்து விற்கின்றன. இன்றைக்கும் ஃபேமிகாமுக்குப் புதிதாக ஆட்டம் எழுதி இலவசமாகக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பெரியவர்களை அருகில் வைத்துக்கொண்டு அவற்றைத் தேடுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலோ தாத்தா வீட்டு அலமாரியிலோ பழைய வீடியோ கேம் பெட்டி கிடந்தால் காயலான் கடைக்குப் போட விடாதீர்கள். கேசட்டை வாயால் ஊதாதீர்கள். எச்சிலின் ஈரம் உலோகத்தை அரிக்கும். உலர்ந்த துணியால் தூசி துடைத்து, பெட்டியிலோ ரிமோட்டிலோ கழற்றக்கூடிய பேட்டரி இருந்தால் எடுத்துவிட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பழைய டிவியின் பின்மூடியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் அதற்குள் பல ஆயிரம் வோல்ட் மின்னேற்றம் தங்கியிருக்கும். பெரியவர்கள் உதவியோடு பெட்டியை டிவியில் மாட்ட முடிந்தால், நிறைய எதிரிகள் ஒரே உயரத்தில் வரும் இடமாகப் பார்த்து நிறுத்தி, யார் யார் மினுக்குகிறார்கள் என்று எண்ணுங்கள். அதே ஆட்டம் எமுலேட்டரிலும் கிடைத்தால் அங்கேயும் எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இல்லாவிட்டால், ஏன் என்று யோசித்து எங்களுக்கு எழுதுங்கள்.